பள்ளிக்கூடத்துக்கு நூற்றுக்கு இரண்டு

ஒஸ்லோ, 2007 ஓகஸ்ட் 27, திங்கட்கிழமை. தமிழில் சொல்லப்பட்டு, மொழிபெயர்ப்பாளர் உதயகுமாரி முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.

பெயர்: கமலேஸ்வரி இந்திரகுமார். பால்: பெண். வயது: 48. தொழில்: கணவருடன் பலசரக்குக் கடை நடத்துதல். முகவரி: ஹவுகன்ஸ்டுவா தொடர்மாடி, நான்காம் மாடி. அழைக்கப்பட்ட முறை: சாட்சி.

மேற்சொன்ன கமலேஸ்வரி ஆகிய நான் தெரிவிப்பதாவது:

நான் 1988ஆம் ஆண்டு நோர்வேக்கு வந்தேன். கடை நடத்தும் அளவுக்கு எனக்கு நோர்வேஜிய மொழி தெரியும். விலை, மிச்சக் காசு, இன்றைக்கு முடிந்துவிட்டது, நாளைக்கு வரும், இவ்வளவும் தடங்கல் இல்லாமல் சொல்வேன். பள்ளிக்கூடம் எரிந்த அன்று பொலிஸ் அதிகாரி என்னிடம் கேட்டபோது எனக்காக வேறொருவர் பதில் சொன்னார். அவர் சொன்னது நான் சொன்னதல்ல. ஆகவே இன்று மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நானே கேட்டேன். நான் சொல்வதை அழகுபடுத்தாமல் எழுதும்படியும் அவரைக் கேட்டுக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லுமாறு அதிகாரி கேட்டார். எங்கள் பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள் மாநகர சபைக்குச் சொந்தமான ஒரு பாடசாலையில் வாடகைக்கு நடந்து வந்தன. அங்கே சுவரில் எதையும் ஒட்டக் கூடாது, கதிரைகளை இருந்த இடத்திலேயே திருப்பி வைக்க வேண்டும். அந்தக் கட்டடம் திருத்த வேலைக்காக மூடப்பட்ட பின்னர் வகுப்புகளை ஒரு தொடர்மாடியின் நிலக்கீழ் அறைக்கு மாற்றினார்கள். பக்கத்து அறையில் சைக்கிள்கள் நின்றன. என் மகள் மதுராவுக்கு அப்போது எட்டு வயது. ஒரு நாள் அவளுடைய கொப்பியில் எழுத்துகள் எல்லாம் கோணல்மாணலாகக் கிடந்தன. நான் அவளை நன்றாக ஏசினேன். கையுறை போட்டுக்கொண்டு எழுதினேன் என்றாள். அடுத்த சனிக்கிழமை நானே போய் அந்த அறையில் நின்று பார்த்தேன். அதன் பின்னர் அவளை நான் ஏசவில்லை.

அதன் பின்னர் பெற்றோர் கூட்டம் நடந்தது. வகுப்புகளை நடத்தும் சங்கத்தின் தலைவர் பூபாலசிங்கம் அவர்கள் பேருந்துச் சாரதி, என் கணவருடைய நண்பர். ரொம்சோஸ் பகுதியில் மூடிக் கிடந்த ஒரு பாலர் பள்ளிக் கட்டடம் விலைக்கு வருகிறது, மாதம் மாதம் எல்லோரும் கொஞ்சம் தந்தால் வாங்கலாம் என்று அவர் சொன்னார். எல்லோரும் ஓம் என்றார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் தந்தவர்களை ஒரு காரில் ஏற்றலாம். அடுத்த கூட்டத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் எழும்பி, "ஒவ்வொருத்தரிட்டையும் கை நீட்டிக்கொண்டு திரியேலாது அண்ணை. சனம் அரிசி வாங்காமல் இருக்கப்போகுதே? கடையளிலை வைச்சு எடுங்கோ. நூறு குரோனருக்குச் சாமான் வாங்கினா ரண்டு குரோனர் பள்ளிக்கூடத்துக்கு" என்று சொன்னேன். சபை கை தட்டியது. இது என் வாய் எனக்குத் தேடித்தந்த வேலை.

நான்கு தமிழ்க் கடைகள் சேர்ந்தன. அரசாங்கம் விற்பனை வரியாக எடுப்பதை இங்கே மோம்ஸ் என்பார்கள். ஆகவே சனம் எங்கள் இரண்டு குரோனருக்குப் பள்ளிக்கூட மோம்ஸ் என்று பெயர் வைத்தது. யாரையாவது கட்டாயப்படுத்தினீர்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை. தரமாட்டேன் என்றவர்களிடம் நான் வாங்கவில்லை. முகத்தை மட்டும் கொஞ்சம் சுளித்திருப்பேன். காசு வேறெங்காவது போகிறதா என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர்களை நான் ரொம்சோஸுக்குப் போய்க் கட்டடத்தின் கூரையைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். சிலர் இரண்டு குரோனர் மிச்சம் பிடிக்க ரயில் ஏறி நகரத்துக்குப் போய்ச் சாமான் வாங்கினார்கள். ரயில் காசு அதைவிடக் கூட. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

காசுப் பெட்டிக்குப் பின்னால் நின்று ஐந்து வருடம் ஏச்சு வாங்கியது நான்தான். ரொம்சோஸில் இருக்கும் மனோன்மணி அக்கா என்பவர் என் நிரந்தர வாடிக்கையாளர். அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதில் வீட்டில் யாரும் இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து, "அங்காலை கொமுனாவுக்கு வரி, இஞ்சாலை உனக்கு வரியோ? நீ என்ன கமலா, ராசாத்தியோ?" என்று கேட்பார். கொமுனா என்பது மாநகர சபை. கேட்டுவிட்டு இரண்டு குரோனரை மேசையில் டொக் என்று வைப்பார். ஒரு வெள்ளிக்கிழமைகூட அவர் அதைச் சொல்லாமல் விட்டதில்லை, வைக்காமலும் விட்டதில்லை.

அவ்வாறு சேர்ந்த காசோடு வங்கிக் கடனும் எடுத்துக் கட்டடம் வாங்கப்பட்டது. அதன் பின்னர் கூரை, அதன் பின்னர் ஜன்னல், அதன் பின்னர் கழிவறை. பூபாலசிங்கம் அண்ணை வேலை முடிந்து சீருடையோடு வந்து பழைய தரையைப் பெயர்ப்பார். கடைசியாக இந்தக் கோடையில் மண்டபத்துக்குப் புதுத் தரை போட்டோம், வர்ணப் பூச்சு வேலையைச் செய்விக்க ஒரு சிறிய நிறுவனத்தைப் பிடித்தோம். அங்கிருந்து வந்தவர் மாரெக் என்ற போலந்துக்காரர். முப்பது வயது இருக்கும்.

மாரெக் மதியத்தில் என் கடைக்கு வந்து மீன் ரோல் வாங்குவார். முதல் நாள் காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில், நீ பூச்சுப் பூசுகிற கட்டடத்துக்கு என்று விளங்கப்படுத்தினேன். உனக்கு வேண்டாம், நீ எங்கள் ஆள் இல்லை என்றும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு இரண்டு குரோனர் வைத்தார். அதன் பின்னர் ஒவ்வொரு நாளும் வைத்தார். எங்களில் சிலரை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

மண்டபத்தின் உட்கூரையில் புகை அறிவிப்பான்கள் உண்டு. புகை பட்டால் அவை கத்தும், தீயணைப்புப் படைக்கும் தானாகவே செய்தி போகும். பூச்சு வேலை நடந்தபோது மாரெக் பூச்சும் தூசும் படாமல் அவற்றைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி ஒட்டியிருந்தார். ஓகஸ்ட் 16, வியாழக்கிழமை, அவருடைய கடைசி நாள். நான் ரோல்களைக் கட்டிக்கொண்டு அங்கே போனேன். அப்போது அவர் ஏணியில் நின்று அந்தத் தாள்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கழற்றி, கசக்கி, பையில் போட்டுக்கொண்டு இறங்கிய பின்னர்தான் ரோலைக் கையில் எடுத்தார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். வேறு யாரும் அங்கே இருக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை பூபாலசிங்கம் அண்ணை கடைக்கு வந்தார். சனிக்கிழமை காலை திறப்பு விழா, மண்டபத்தின் நடுவில் கல் வைத்து, விறகு மூட்டி, பால் காய்ச்சுவது என்று முடிவாகியிருந்தது. மின்சார அடுப்பில் வையுங்கள் என்று நான் சொன்னேன். அவர், "அதென்ன தங்கச்சி கதை? அஞ்சு வருசம் சனம் குடுத்த காசு. முறையா அடுப்பு மூட்டிப் பொங்கித்தான் உள்ளுக்குப் போகவேணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தத் தொப்பியளிலை கொஞ்சம் எடுத்துக்கொண்டு வாரும்" என்றார்.

தொப்பி என்றால் என்ன என்று அதிகாரி கேட்டார். குளிக்கும்போது தலைமயிர் நனையாமல் போடும் பிளாஸ்டிக் தொப்பி. விளிம்பில் இழுபடும் நாடா இருக்கும். தூளுக்கு மிளகாய் வறுத்தால் தொடர்மாடி முழுவதும் அறிவிப்பான் கத்தும், கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். ஆகவே மிளகாய் வறுக்க முன்னர் அறிவிப்பானுக்குத் தொப்பி போடுவோம், முடிந்ததும் கழற்றுவோம். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். நான் கடையில் அதை மிளகாய்க்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருக்கிறேன். தலைக்குப் போட அதை வாங்கிய ஒருவரை நான் இன்னும் காணவில்லை. அதிகாரி சிரிக்கவில்லை.

அதன் பின்னர் நான் தொப்பிகளை எடுத்துக்கொண்டு போய், ஏணியில் ஏறி, மண்டபத்திலும் நடையிலும் இருந்த எல்லா அறிவிப்பான்களுக்கும் என் கையால் போட்டேன். பூபாலசிங்கம் அண்ணை ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

இந்த இடத்தில் அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். இப்போது நான் சொன்னதால் இனி என்னைச் சாட்சியாக அல்ல, சந்தேக நபராக விசாரிக்க வேண்டியிருக்கும் என்றும், நான் பேசாமல் இருக்கலாம் என்றும், சட்டத்தரணி ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்றும் எனக்கு விளங்கப்படுத்தப்பட்டது. நான் தண்ணீர் மட்டும் கேட்டேன். குடித்தேன். தொடர்ந்து சொல்கிறேன் என்றேன்.

ஓகஸ்ட் 18, சனிக்கிழமை காலை பால் நல்லபடியாகப் பொங்கியது. சனம் நிறைய வந்திருந்தது. மனோன்மணி அக்கா புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். "என்ர ரண்டு குரோனர் எந்தப் பக்கம் கமலா?" என்று கேட்டார். நான் கதவைக் காட்டினேன். அவர் போய்க் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். பிள்ளைகள் கடதாசிப் பூ மாலை செய்து சுவர் முழுவதும் ஒட்டியிருந்தார்கள். சொந்தச் சுவர் என்பதால் யாரும் தடுக்கவில்லை. எனக்கு அன்று சந்தோசமாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பின்னர் அடுப்பை நீர் தெளித்து அணைத்துக் கல்லையும் சாம்பலையும் வெளியே எடுத்தோம். குத்துவிளக்கை மட்டும் எரிய விட்டோம். திறந்த நாளில் விளக்கை நாங்கள் அணைப்பதில்லை, எண்ணெய் முடிந்து அதுவாக நூரவேண்டும். சாப்பாட்டு மேசைகளை வெளியே புல்லில் போட்டோம். புதுத் தரையில் சாம்பார் சிந்திவிடும் என்று நான்தான் ஒருவரையும் உள்ளே சாப்பிட விடவில்லை. பொங்கல் பரிமாற ஆள் போதாது என்று என்னைக் கூப்பிட்டார்கள். பால் பொங்கியதும் தொப்பிகளைக் கழற்றவேண்டும் என்பது என் மனதில் இருந்தது. அகப்பையைக் கையில் வாங்கியதும் அது மறந்துபோனது.

புகை போவதற்காக ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தோம். காற்றில் கடதாசி மாலை ஒன்று விளக்கின் மேல் விழுந்திருக்க வேண்டும் என்று தீயணைப்புப் படையினர் சொன்னார்கள். அறிவிப்பான் ஒன்றும் கத்தவில்லை. ஜன்னலால் கறுப்புப் புகை வந்த பிறகுதான் நாங்கள் பார்த்தோம். மண்டபமும் இரண்டு வகுப்பறைகளும் எரிந்தன. எல்லோரும் வெளியே நின்றதால் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மதுரா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று பொலிஸ் அதிகாரி ஒருவர் என்னிடம், அறிவிப்பான்களில் பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருக்கிறது, யார் போட்டது என்று கேட்டார். பக்கத்தில் நின்ற பூபாலசிங்கம் அண்ணை நோர்வேஜிய மொழியில் எனக்காகப் பதில் சொன்னார். அவர் சொன்னதில் மாலர் என்ற சொல் இருந்தது. மாலர் என்றால் பூச்சு வேலைக்காரர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அன்று மாலை பூபாலசிங்கம் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்து இருந்து கொஞ்ச நேரம் அழுதார். அவர் கெட்ட மனிதர் அல்ல. பிறகு சொன்னார்: "எங்கட ஆக்களே போட்டதெண்டு வந்தால் இன்சூரன்ஸ்காரன் ஒரு சதமும் தரமாட்டான், தங்கச்சி. மாலர் கழட்ட மறந்திட்டான் எண்டால் அவங்கட கொம்பனியின்ர இன்சூரன்ஸ் குடுக்கும். எல்லாம் உருகிப் போச்சு, ஆரின்ர பிளாஸ்டிக் எண்டு ஆருக்குத் தெரியும்? பொய் சொல்லச் சொல்லேல்லை. தெரியாது எண்டு மட்டும் சொல்லும்."

என் கணவர் இந்திரகுமார், "இஞ்சேரும், அவர் சொல்லுறதும் சரிதானே. பிள்ளையள் திரும்பவும் சைக்கிள் அறைக்குப் போறதே?" என்றார். அந்த வாரம் முழுவதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்கு வந்த சனமும் ஒன்றும் சொல்லவில்லை. ஏச்சுக் கேட்டுப் பழகிய எனக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. பள்ளிக்கூடக் காசை நானும் கேட்காமல் விட்டேன். கேட்காமலே சிலர் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஓகஸ்ட் 24, வெள்ளிக்கிழமை மதியம் மாரெக் கடைக்கு வந்தார். வேலை உடுப்பு இல்லை, சாதாரண உடுப்பில் வந்தார். பொலிஸ் விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டதாகச் சொன்னார். தான் கழற்றியதாகத் தனக்கு நினைவு என்றும், ஆனால் எல்லோரும் கேட்கக் கேட்க ஒன்றை விட்டுவிட்டேனோ என்று தனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது என்றும் சொன்னார். என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கோபப்பட்டாவது தப்பியிருப்பேன். ரோலுக்கு உரிய காசைத் தந்தார். பிறகு இரண்டு குரோனரைத் தனியாக எடுத்து மேசையில் வைத்தார். கட்டடம் எரிந்துவிட்டதே என்றேன். அதனால்தான் என்றார்.

அவர் போன பின்னர் நான் கடையின் பின்னறைக்குப் போய் அரிசி மூட்டையில் இருந்துகொண்டு அழுதேன். அதன் பின்னர் முகம் கழுவி வந்து கடையைக் கவனித்தேன்.

அன்று இரவு என் கணவரிடம், நான் போய்ச் சொல்லப்போகிறேன் என்றேன். அவர், "சனம் உம்மைச் சும்மா விடாது" என்றார். "இவ்வளவு நாளும் விட்டதுகளோ?" என்றேன். பூபாலசிங்கம் அண்ணைக்கும் தொலைபேசியில் சொன்னேன். அவர், "ஏணியைப் பிடிச்சது நானெண்டும் சொல்லும்" என்றார். சொல்லிவிட்டேன்.

ஆகவே, தொப்பி போட்டது நான். கழற்றாமல் விட்டதும் நான். மாரெக் கழற்றினார். அவருடைய முதலாளிக்கு இது இன்றைக்கே தெரிய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று அதிகாரி கேட்டார். ஒன்று உண்டு. இன்று காலை இங்கே வர முன்னர் கடையைத் திறந்தேன். காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பழைய தாளைக் கிழித்துவிட்டு, இன்றுமுதல் பள்ளிக்கூடத்துக்கு நூற்றுக்கு மூன்று என்று எழுதி ஒட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. மற்றக் கடைகள் சேருமோ தெரியாது. எனக்கு அதைப் பற்றி யோசிக்க இனித் தெம்பு இல்லை.

வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும் முதலாவதாக வந்தது மனோன்மணி அக்கா. தாளைப் பார்த்தார். "என்னடி இது, மூண்டு? உனக்கென்ன விசரோ?" என்றார்.

"இன்சூரன்ஸ் வராது அக்கா."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லை. நான் இப்பதான் போய்ச் சொல்லப்போறன். அறிவிப்பானுக்குத் தொப்பி போட்டது நான்தான்."

அவர் கைப்பையை மேசையில் வைத்தார். பிறகு ஏசத் தொடங்கினார். என்னை ஏசினார், தொப்பியை ஏசினார், விறகு மூட்டச் சொன்ன பூபாலசிங்கம் அண்ணையை ஏசினார், சும்மா கிடந்த தன்னைக் கூப்பிட்டுச் சேலை கட்டவைத்த எல்லோரையும் ஏசினார். நான் சாமான்களைப் பையில் போட்டேன். அவர் வழக்கம்போல் இரண்டு குரோனரை டொக் என்று வைத்தார். அதன் பின்னர், ஏசுவதை நிறுத்தாமலே, கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டி மூன்றாவது குரோனரைத் தேடினார்.

நான் சொன்ன யாவும் தமிழில் எனக்குத் திருப்பி வாசிக்கப்பட்டன. நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. இவை நான் அறிந்த உண்மை என்று ஏற்று, யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) க. இந்திரகுமார்